விற்பதற்கு முன் வீட்டைத் திறந்து காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குமரி மாவட்டத்தில் ஒரு வீட்டை விற்பது என்று குடும்பத்தில் முடிவானதும் முதல் ஆளாக வரவழைக்கப்படுபவர் பெரும்பாலும் பெயிண்டர்தான். அவருக்குப் பின் முற்றத்துப் புல்லைச் செதுக்க ஓர் ஆள், கிணற்றுச் சுவரில் படர்ந்த பாசியைச் சுரண்ட ஓர் ஆள், அதன் பிறகு தரகரும் அவருடைய கைப்பேசிப் படங்களும் என்று வேலை நகர்கிறது. இந்த வரிசையில் ஒரு பொறியாளரோ, கைதேர்ந்த கொத்தனாரோ, கூரை மரத்தைத் தட்டிப் பார்த்துச் சொல்லக்கூடிய ஆசாரியோ இடம்பெறுவது அரிது. கட்டடங்களைப் பார்த்தே பணிக்காலத்தைக் கழித்தவன் என்பதால், ஓய்வுக்குப் பிறகு உறவினரும் ஊர்க்காரரும் தாங்கள் வாங்கவோ விற்கவோ இருக்கும் வீடுகளைப் பார்க்க என்னை அழைப்பதுண்டு. அவற்றில் கண்டதை வைத்து ஒரு கருத்தைத் தங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன். விற்பனைக்கு வீட்டை ஆயத்தம் செய்பவர், வாங்க வருபவர் அதைச் சோதித்துப் பார்ப்பதற்கு ஏற்றவாறு ஆயத்தம் செய்ய வேண்டும். இப்போது நடப்பதோ, பல இடங்களில், சோதிக்க முடியாதபடி ஆயத்தம் செய்வதாக இருக்கிறது.

இந்த மாவட்டத்துக்கு இது ஏன் கூடுதலாகப் பொருந்துகிறது என்றால், தமிழ்நாட்டின் பெரும்பாலான மாவட்டங்களைப் போல நமக்கு ஒரே மழைக்காலம் இல்லை. ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவமழையும், ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையும் நம் சுவர்களை நனைக்கின்றன. சுவர் முழுமையாகக் காய்வதற்குக் கிடைக்கும் காலம் தை முதல் பங்குனி வரை உள்ள சில மாதங்களே. வளைகுடா நாடுகளில் வேலை செய்வோர் விடுமுறையில் ஊருக்கு வருவதும், பள்ளிகளுக்கு விடுமுறை விடப்படுவதும், வீடு பார்க்கக் குடும்பத்தோடு அலைய முடிவதும் அதை ஒட்டி வரும் சித்திரை, வைகாசியில்தான். ஆகவே வீடு தன் குறைகளை மிகக் குறைவாகக் காட்டும் பருவத்தில் பார்க்கப்பட்டு, முன்பணம் கொடுக்கப்பட்டு, பத்திரம் பதியப்பட்டு, பால் காய்ச்சிக் குடியேறிய சில வாரங்களில் ஆனிச் சாரல் தொடங்கிவிடுகிறது. படுக்கையறைச் சுவரில் முழங்கால் உயரத்துக்குப் பெயிண்ட் குமிழியிட்டுப் பொரிந்து உதிர்வதை வாங்கியவர் அப்போதுதான் முதன்முதலாகக் காண்கிறார்.

பெயிண்ட் பூசுவதே தவறு என்று நான் சொல்லவில்லை. ஈரம் ஊறும் சுவரின் மேல் காரணத்தைச் சரி செய்யாமல் பூசுவதைத்தான் சொல்கிறேன். அடித்தளத்தில் ஈரத்தடுப்புப் பூச்சு இல்லாத பழைய செங்கல் சுவர், தரையிலிருந்து தண்ணீரை மேல்நோக்கி உறிஞ்சுகிறது. அந்தத் தண்ணீரில் கரைந்துள்ள உப்பு சுவரின் மேற்பரப்புக்கு வந்து, தண்ணீர் ஆவியானதும் வெண்பொடியாகப் பூக்கிறது. பூச்சுக்கும் பட்டிக்கும் அடியில் அந்த உப்பு படிகமாகும்போது அவற்றை வெளியே தள்ளுகிறது. மேலே எத்தனை விலை உயர்ந்த எமல்ஷன் பூசினாலும் உள்ளே நடப்பது நிற்காது. ஆவியாகும் வழி அடைபட்டதால் ஈரம் இன்னும் கொஞ்சம் உயரத்துக்கு ஏறுவதும் உண்டு. கட்டும்போது கடல் மணல் கலந்திருந்தால் உப்பு வெளியிலிருந்து வரவே வேண்டாம்; அது சுவருக்குள்ளேயே இருக்கிறது. புதுப் பெயிண்ட் அடித்த வீட்டைப் பார்க்கப் போகிறவர்கள், கழிவறையை ஒட்டிய அறைச் சுவரிலும் வடக்குப் பக்கச் சுவரிலும், தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில், ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் ஒட்டு நாடாவால் காற்றுப் புகாமல் ஒட்டி, ஒரு நாள் கழித்துப் பிரித்துப் பார்க்க அனுமதி கேட்கலாம். தாளின் உள்பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது என்று பொருள். இதற்கு விற்பவர் சம்மதிக்கிறாரா, முகம் சுளிக்கிறாரா என்பதும் ஒரு தகவல்தான்.

சுவரைவிடக் கூரைத் தளம் கவலைக்குரியது. கொல்லங்கோடு முதல் கன்னியாகுமரி வரை கடலை ஒட்டிய ஊர்களில் காங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியை உப்புக் காற்று துருப்பிடிக்க வைக்கிறது. துரு, தான் உருவான இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தைப் பிடித்துக்கொள்வதால், கம்பிக்குக் கீழே உள்ள காங்கிரீட் வெடித்துத் தகடு தகடாகப் பெயர்ந்து விழுகிறது. காங்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456, 2000-ஆம் ஆண்டுப் பதிப்பில், கடலோரச் சூழலுக்கு வெளிப்படும் காங்கிரீட்டைக் 'கடுமையான' சூழலில் உள்ளது என வகைப்படுத்தி, கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் காங்கிரீட் மூடியிருக்க வேண்டும் என்கிறது. பாதிப்பு மிகக் குறைந்த உட்பகுதிகளுக்கு 20 மில்லிமீட்டர் போதும். நம் கடற்கரை ஊர்களின் பழைய மாடி வீடுகளில் கம்பிக்குக் கீழே அரை அங்குலம் இருந்தாலே நல்ல கொத்தனார் கட்டியது என்று சொல்ல வேண்டும். இப்படிப் பெயர்ந்த இடத்தில், துருவைச் சுரண்டாமல், கம்பியைச் சோதிக்காமல், சிமென்ட் கலவையை அப்பி, பட்டி பார்த்து, மேலே வெள்ளை அடித்துவிட்டால் புதுத் தளம் போலவே தெரியும். போதாக்குறைக்கு இப்போது ஜிப்சம் பலகையில் பொய்க்கூரை அடித்து, நடுவில் வண்ண விளக்கும் வைத்துவிடுகிறார்கள். விற்பனைக்குச் சற்று முன்பு அடிக்கப்பட்ட பொய்க்கூரையைப் பார்த்தால் எனக்கு முதலில் தோன்றுவது அதன் அழகு அல்ல. ஒரு பலகையைக் கழற்றி மேலே விளக்கடித்துப் பார்க்க வேண்டும் என்பதுதான். பொய்க்கூரை இல்லாத இடத்தில் ஒரு நீளக் கழியால் தளத்தின் அடிப்பாகத்தைத் தட்டிக்கொண்டே வந்தால், பிடிப்பு விட்டுப்போன இடம் வெற்றுப் பெட்டியைத் தட்டியது போல் ஒலிக்கும். இதைக் கண்டுபிடிக்கப் பொறியியல் பட்டம் வேண்டியதில்லை.

மொட்டை மாடிக்கு மேல் இரும்புத் தூண் நட்டு ஷீட் வேய்வது இங்கே பரவலான வழக்கம். துணி காயவும், தேங்காய் உலர்த்தவும், வெயிலைத் தடுக்கவும் அது பயன்படுகிறது, மறுக்கவில்லை. ஆனால் ஷீட் எந்த ஆண்டு போடப்பட்டது, அதற்கு முன் தளம் ஒழுகியதா, ஒழுகியதால்தான் போடப்பட்டதா என்று கேட்பவர்கள் குறைவு. ஷீட்டுக்கு அடியில் தளம் காய்ந்து கிடப்பதால் ஒழுக்கு இல்லை என்று விற்பவர் சொல்வது பொய்யும் ஆகாது. அடுத்த ஒக்கி வந்து அந்த ஷீட்டைத் தூக்கிக்கொண்டு போகும் வரை அது உண்மையாகவே இருக்கும். 2017 நவம்பர் 30 அன்று வீசிய அந்தப் புயலில் கூரைகள் எப்படிப் பறந்தன என்பதை இம்மாவட்டத்தில் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை.

ஓட்டு வீடுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கல்குளம், விளவங்கோடு பகுதிகளில் இன்னும் நல்ல நிலையில் நிற்கும் பழைய ஓட்டு வீடுகளை, பக்கத்தில் கட்டப்பட்ட காங்கிரீட் வீட்டைவிட நான் அதிகம் நம்புவேன். அவற்றில் எதுவும் மறைந்திருப்பதில்லை. உத்திரம், அதன் மேல் சாயும் பனங்கை, ஓடு தாங்கும் பட்டியல் சட்டம், ஓடு எல்லாம் கண்ணுக்கு எதிரே இருக்கின்றன. ஒழுகினால் ஒழுகும் ஓடுகளை மாற்றிவிடலாம். ஆனால் விற்பனைக்காக அந்த மரங்களின் மேல் தடிமனான எனாமல் பெயிண்டை அடித்துவிடும்போது அந்த நன்மை போய்விடுகிறது. சுவரும் மரமும் சேரும் இடத்தில் கறையான் கட்டிய மண் குழாயைச் சுரண்டி எறிந்துவிட்டுப் பெயிண்ட் அடித்தால், வெளியே பளபளப்பாகவும் உள்ளே சல்லடையாகவும் இருக்கும் பலா மர நிலையை யாரும் அடையாளம் காண மாட்டார்கள். வைரம் பாய்ந்த தேக்கும் அயினியும் எளிதில் கெடுவதில்லை. ஆனால் ஒரே கூரையில் அயினி உத்திரத்துக்குப் பக்கத்திலேயே பின்னாளில் செருகிய மலிவான மரமும் இருக்கும். கூர்மையான திருப்புளியால் ஒவ்வொரு மரத்தின் சுவரோரப் பகுதியையும் அழுத்திப் பார்க்க ஆசாரிக்கு அரை நாள் போதும். விற்பவர் அந்த வேலையைத் தாமே செய்வித்து, கெட்ட மரத்தை மாற்றிவிட்டு, பெயிண்ட் அடிக்காமல் எண்ணெய் மட்டும் பூசி வைத்தால், அந்த வீட்டுக்கு அதைவிடச் சிறந்த அலங்காரம் இல்லை என்பேன்.

அடுத்தது தண்ணீர். நம் ஊரில் வீடு விற்பனை விளம்பரங்களில் 'வற்றாத கிணறு' என்ற சொற்கள் தவறாமல் இடம்பெறுகின்றன. கிணறு வற்றாததற்குக் காரணம் என்ன என்பது இடம்பெறுவதில்லை. கழிவறைத் தொட்டியிலிருந்து கழிவுநீரைத் தரைக்குள் விடும் உறிஞ்சுகுழி, குடிநீர்க் கிணற்றிலிருந்து குறைந்தது 18 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்று ஐ.எஸ். 2470 விதி கூறுகிறது. 18 மீட்டர் என்றால் ஏறத்தாழ 60 அடி. இப்போது விளைகளை (தோட்ட நிலங்களை) துண்டு போட்டு விற்கும் 5 சென்ட் மனையின் பரப்பு 2,178 சதுர அடி. அது சரியான சதுரமாக இருந்தாலும் ஒரு பக்கம் 47 அடிக்குள்தான் வரும். மூலைக்கு மூலை அளந்தால் 66 அடி. அதாவது கிணறு ஒரு மூலையிலும் உறிஞ்சுகுழி நேர் எதிர் மூலையிலும் இருந்தால்தான் இந்த இடைவெளியே கிடைக்கும். அப்படி எதிர் மூலைக்குத் தள்ளினால் அது பக்கத்து மனைக்காரரின் கிணற்றுக்கு அருகில் போய்விடுகிறது. சுற்றிலும் நான்கு வீடுகள் இருந்தால் நான்கு உறிஞ்சுகுழிகள். இது விற்பவரின் குற்றம் இல்லை. மனையைத் துண்டாக்கிய நாளிலேயே நேர்ந்த குறை. ஆனால் அந்தத் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பி, முடிவைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டைக் காட்டுவது விற்பவரால் ஆகக்கூடிய காரியம். குடிநீருக்கான தர விதி ஐ.எஸ். 10500, நூறு மில்லிலிட்டர் நீரில் ஈ.கோலை கிருமி ஒன்றுகூட இருக்கலாகாது என்கிறது. கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு நீர் கிடைக்காத நிலையில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறது. கடலோர ஊர்களில் பின்னது முக்கியம். கோடையின் கடைசியில் கிணற்று நீர் கரிக்கிறதா என்பதைத் தரகரிடம் கேட்பதைவிட அடுத்த வீட்டு அம்மாவிடம் கேட்பது பலன் தரும்.

வெள்ளத்தையும் இதோடு சேர்த்தே கேட்க வேண்டும். 2021 நவம்பரிலும் 2023 டிசம்பரிலும் பெய்த கனமழையில் இம்மாவட்டத்தின் தாழ்வான குடியிருப்புகள் பல நீரில் நின்றன. வயலை மண் போட்டு நிரத்தி வீடு கட்டிய இடங்களில் தண்ணீர் தன் பழைய வழியை மறப்பதில்லை என்பது ஒருபுறம் இருக்க, நிரத்திய மண் ஆண்டுக்கணக்கில் அமுங்கிக்கொண்டே இருப்பதால் ஜன்னல் மூலைகளிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல்கள் அங்கே சகஜம். அத்தகைய விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதி வைத்தால், அது வளர்கிறதா, நின்றுவிட்டதா என்பது அடுத்த மழைக்குள் தெரிந்துவிடும். நின்றுவிட்ட விரிசல் அஞ்சத்தக்கதல்ல. விற்பவர் அதைப் பட்டி வைத்து மூடும்போது, அது நின்றுவிட்டது என்பதற்குத் தம்மிடமிருந்த ஒரே சான்றையும் சேர்த்து மூடிவிடுகிறார்.

இங்கே சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் பலரும் அறியாதிருக்கிறார்கள். 'வாங்குகிறவர் பார்த்துத்தான் வாங்க வேண்டும், பிறகு கேட்கக்கூடாது' என்பதே ஊரில் நிலவும் எண்ணம். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு அப்படிச் சொல்லவில்லை. விற்பவருக்குத் தெரிந்ததும், வாங்குபவருக்குத் தெரியாததும், அவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாததுமான முக்கியக் குறை, சொத்திலோ அதன் உரிமையிலோ இருந்தால், அதை விற்பவர் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காமல் விடுவது மோசடியாகக் கருதப்படும் என்றும் அதே பிரிவு கூறுகிறது. கண்ணுக்குத் தெரியும் விரிசலையும் உதிரும் பூச்சையும் விற்பவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று இந்தப் பிரிவு கேட்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பார்த்தால் தெரிவதைப் பார்ப்பது வாங்குபவரின் பொறுப்பு. ஆனால் அந்த விரிசலைப் பட்டியாலும் பெயிண்டாலும் மூடிய மாத்திரத்தில் அது சாதாரணக் கவனத்துக்குத் தெரியாத குறையாக மாறுகிறது. சொல்ல வேண்டிய கடமை விற்பவர் தலையில் ஏறுகிறது. ஒரு செய்தியை அறிந்தவர் அதை முனைந்து மறைப்பது மோசடி என்று 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவும் கூறுகிறது. ஆகவே தம்மைப் பாதுகாத்துக்கொள்ள நினைக்கும் விற்பனையாளர் செய்ய வேண்டியது, செலவழித்து மறைப்பதற்கு நேர்மாறானது.

வாங்குபவர்களும் தம் கையாலேயே இந்தப் பாதுகாப்பை இழக்கிறார்கள். தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைக் கட்டணமும் மாற்றுத் தீர்வையும் சேர்த்து 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு என மொத்தம் 9 விழுக்காடு செலவாகிறது. அதைக் குறைப்பதற்காக, நிற்கும் வீட்டை விட்டுவிட்டு வெறும் மனையை மட்டும் எழுதி வாங்குவது நெடுநாள் வழக்கமாக இருந்தது. சொத்தின் புகைப்படத்தைப் பத்திரத்தோடு இணைக்க வேண்டும் என்ற நடைமுறை 2023 அக்டோபரில் வந்தபின் அது கடினமாகியிருக்கிறது; கட்டடத்தின் பரப்பையும் வயதையும் குறைத்துக் காட்டும் பழக்கம் மட்டும் ஒழியவில்லை. கட்டடமே இல்லை என்று எழுதி வாங்கியவர், கட்டடத்தில் குறை என்று எந்த முகத்தோடு நீதிமன்றம் போவார்?

வங்கிக் கடன் வாங்குகிறவர்கள், 'வங்கியிலிருந்து ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனார், எல்லாம் சரியாகத்தான் இருக்கும்' என்று ஆறுதல் கொள்வதைப் பார்க்கிறேன். வருகிறவர் மதிப்பீட்டாளர். கடனைத் திருப்பிக் கட்டாவிட்டால் அந்தச் சொத்தை விற்றுப் பணத்தை மீட்க முடியுமா என்பதே அவருக்குக் கொடுக்கப்பட்ட கேள்வி. மனை அளவு, எல்லை, சாலை, கட்டடத்தின் பரப்பு, வயது ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு அவர் போய்விடுகிறார். அது அவர் வேலையில் குறை அல்ல. பரண்மேல் ஏறிப் பார்ப்பதும், கழிவுநீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து பார்ப்பதும், மின்பலகையில் உள்ள கசிவு மின்தடுப்பானின் சோதனைப் பொத்தானை அழுத்தி அது துண்டிக்கிறதா என்று பார்ப்பதும் வேறொருவர் செய்ய வேண்டிய வேலை. சில வெளிநாடுகளில் வீடு வாங்குமுன் ஆய்வாளரை அமர்த்தி எழுத்தில் அறிக்கை பெறுவது வாடிக்கை. நம்மிடம் அதற்கென உரிமம் பெற்ற தனித் தொழில் இல்லாவிட்டாலும், கட்டடப் பொறியாளர்களுக்கு இம்மாவட்டத்தில் பஞ்சமில்லை. பத்திரச் செலவோடு ஒப்பிட்டால் அவர்களில் ஒருவருக்கு ஒரு நாள் ஊதியம் கொடுப்பது பெரிய தொகை அல்ல. வாசல் எந்தத் திசை பார்க்கிறது என்பதற்காக வாஸ்து பார்ப்பவரை அழைத்து வரும் குடும்பம், கூரை எந்தப் பக்கம் ஒழுகுகிறது என்பதற்கு ஒருவரையும் அழைக்காததை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அதைப் பற்றி மேலே பேசினால் வீண் சண்டை வரும் என்பதால் விட்டுவிடுகிறேன்.

ஆவணங்களைப் பற்றித் தங்கள் இதழில் பலரும் எழுதியிருப்பார்கள் என்பதால் சுருக்கமாகவே சொல்கிறேன். பட்டா, புலப்படம், வில்லங்கச் சான்று ஆகியவற்றை இப்போது இணையத்திலேயே எடுத்துவிடலாம். ஆனால் 1956 நவம்பர் 1-க்கு முன் திருவிதாங்கூரிலும் பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்த நமக்கு, மூலப் பத்திரங்கள் மலையாளத்தில், கொல்லம் ஆண்டுக் கணக்கில், பழைய சர்வே எண்களோடு இருப்பது சாதாரணம். அவற்றைத் தமிழாக்கி, பழைய சர்வே எண்ணுக்கு நேரான மறுநில அளவை எண்ணையும் குறித்து விற்பவரே ஆயத்தமாக வைத்திருப்பது, கூடத்துக்கு வண்ணம் பூசுவதைவிட விற்பனையை விரைவுபடுத்தும். குடும்பச் சொத்தானால் பெண்மக்களின் கையெழுத்தை முதலிலேயே உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். பழைய திருவிதாங்கூர்ப் பகுதிக் கிறிஸ்தவப் பெண்களுக்கும் தந்தை சொத்தில் சம உரிமை உண்டு என்று மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1986-லேயே தீர்ப்பளித்துவிட்டது. வெளிநாட்டில் இருந்துகொண்டு அதிகாரப் பத்திரம் அனுப்புகிறவர்கள், அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

ஆவணங்களில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வழியைத்தான். விளைக்குள் அமைந்த வீடுகளுக்கு வருவது பெரும்பாலும் இன்னொருவர் நிலத்தின் ஓரமாகச் செல்லும் பாதை. ஆட்டோ போகும் அளவுக்கு அகலமாக இருப்பதும், பல ஆண்டுகளாக யாரும் தடுக்காததும், அந்த வழி பத்திரத்தில் இருக்கிறது என்பதற்குச் சான்றாகாது. அண்ணன் தம்பி பாகத்தில் வாய்மொழியாக விட்ட வழியில், வீடு வெளியாருக்குக் கை மாறிய மறுநாளே கம்பி வேலியைக் காணலாம். விற்பவர் வீட்டை ஆயத்தம் செய்யும்போது, வழி எத்தனை அடி அகலம், யார் நிலத்தில், எந்தப் பத்திரத்தின்படி என்பதை எழுதி வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த நில உரிமையாளரிடம் வழியுரிமையைப் பதிவு செய்து பெற்ற பிறகே விற்பனைக்கு இறங்க வேண்டும். தங்கள் நாளிதழின் வரி விளம்பரங்களில் சென்ட் கணக்கும் படுக்கையறைக் கணக்கும் வருவதைப் போல, பத்திரத்தில் கண்ட வழியின் அகலமும் கட்டிய ஆண்டும் கட்டாயம் வரவேண்டும் என்று ஒரு விதி வைத்தீர்களானால், வாசகர்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

பூட்டிக் கிடக்கும் வீடுகள் இம்மாவட்டத்தில் ஏராளம். பிள்ளைகள் துபாயிலோ சென்னையிலோ, பெற்றோர் காலமாகி, சாவி பக்கத்து வீட்டில். அத்தகைய வீட்டை விற்க முனைவோர் ஆட்களை அழைத்து வருமுன் சில வாரங்களுக்கு அதை வீடாகப் பயன்படுத்திப் பார்க்க வேண்டும். ஜன்னல்களைத் திறந்து காற்றோட விட வேண்டும்; கிணற்றை இறைத்துப் புது ஊற்று வரச் செய்ய வேண்டும்; கழிவறைகளில் தண்ணீர் ஊற்றி ஓட்டம் சரியாக இருக்கிறதா எனப் பார்க்க வேண்டும், ஏனெனில் ஆண்டுக்கணக்கில் தண்ணீர் ஊற்றாத குழாய் வளைவுகள் வறண்டு, தொட்டியின் நாற்றம் அறைக்குள் வரும். மின் இணைப்பும் வீட்டுவரியும் காலமானவர் பெயரிலேயே இருந்தால் முதலில் பெயர் மாற்ற வேண்டும். கூடுமானால் ஒரு மழையையாவது அந்த வீட்டுக்குள் இருந்து பார்க்க வேண்டும். விற்பவருக்கே தம் வீட்டின் குறை தெரியாத நிலை இந்த வீடுகளில்தான் அதிகம்.

இவ்வளவையும் சொன்னால் எனக்குக் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: 'குறையை நாமே சொன்னால் விலையைக் குறைப்பார்கள் சார்.' குறைப்பார்கள்தான். ஆனால் எவ்வளவு குறைப்பார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். சமையலறைத் தளத்தில் ஒரு பகுதி பழுது, அதைச் சரி செய்ய இன்ன தொகை ஆகும் என்று பொறியாளர் எழுதித் தந்த தாள் கையில் இருந்தால், பேரம் அந்தத் தொகையைச் சுற்றி நடக்கும். தாள் இல்லாமல், பெயிண்டுக்கு அடியில் ஏதோ இருக்கிறது என்ற ஐயம் மட்டும் வாங்குபவருக்கு எழுந்துவிட்டால், அவர் தம் அச்சம் முழுவதையும் விலையில் கழிப்பார். அல்லது முன்பணம் கொடுத்தபின் ஒவ்வொரு வாரமும் ஒரு புதுக் குறையைக் கண்டுபிடித்து இழுத்தடிப்பார். பொய்க்கூரைக்கும் பெயிண்டுக்கும் செலவழித்த பணத்தைப் பெரும்பாலான வாங்குபவர்கள் மதிப்பதும் இல்லை. குடியேறுமுன் தங்களுக்குப் பிடித்த நிறத்தில் மறுபடியும் அடிக்கத்தான் போகிறார்கள். அந்தப் பணத்தில் ஒழுகும் தளத்தைச் சுரண்டி, கம்பியைத் துடைத்து, முறையாகச் சீர்செய்து, செய்யும்போதே படம் எடுத்து வைப்பது கூடுதல் விலைக்கு உண்மையான காரணமாகும். அதற்கு வசதி இல்லாதவர் பழுதைப் பழுதாகவே விட்டுவைக்கட்டும். அதிலும் அவருக்கு இழப்பில்லை.

பதிவுத்துறைக்கு ஒரு வேண்டுகோள். கட்டடம் உள்ள சொத்துகளுக்குப் பத்திரத்தோடு கட்டடத்தின் விவரத்தைத் தனிப் படிவத்தில் தருகிறோம். அது மதிப்பைக் கணக்கிட உதவுகிறது. அதனோடு, விற்பவர் அறிந்த பழுதுகள், கடந்த ஆண்டுகளில் செய்த சீரமைப்புகள், கிணற்றுக்கும் உறிஞ்சுகுழிக்கும் இடையே உள்ள தூரம், வெள்ளம் ஏறிய விவரம் ஆகியவற்றை இரு தரப்பும் கையெழுத்திட்டு இணைக்கும் ஒரு பக்கத்தைச் சேர்ப்பது துறைக்குப் பெரிய சுமையாகாது. அது வரும்வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. கிரய ஒப்பந்தம் எழுதும்போது ஆவண எழுத்தரிடம் கேட்டுக்கொண்டால் கீழ்க்கண்ட பத்தியை இப்போதே சேர்க்கலாம்:

"எழுதிக் கொடுப்பவர் தமது அறிவுக்கு எட்டியவரை மேற்படி கட்டடத்திலுள்ள ஈரக் கசிவு, ஒழுக்கு, விரிசல், கறையான் பாதிப்பு, மின் மற்றும் கழிவுநீர் அமைப்புகளின் பழுது ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ள பட்டியலில் குறிப்பிட்டுள்ளார். எழுதி வாங்குபவர் தாம் அமர்த்தும் பொறியாளரைக் கொண்டு கட்டடத்தின் எல்லாப் பகுதிகளையும், தேவைப்படின் பொய்க்கூரை, பரண், தொட்டி மூடி ஆகியவற்றைத் திறந்தும், இவ்வொப்பந்த நாளிலிருந்து முப்பது நாள்களுக்குள் ஆய்வு செய்துகொள்ள எழுதிக் கொடுப்பவர் சம்மதிக்கிறார். பட்டியலில் இல்லாத முக்கியப் பழுது அவ்வாய்வில் தெரியவந்தால், அதன் சீரமைப்புச் செலவைக் கிரயத் தொகையில் கழிப்பது அல்லது முன்பணத்தைத் திருப்பித் தந்து ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வது என்று இரு தரப்பினரும் சம்மதிக்கிறார்கள்."

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர்,
தக்கலை.